எதற்குத் தகுந்தவர்? ஒரு பெயரடை ஆளும் கதை

பல்கலைக்கழக ஆசிரியர் தேர்வின் முடிவு அறிவிப்பு பெரும்பாலும் ஒரு பக்க அட்டவணைதான். ஒரு கட்டத்தில் பாடம், அடுத்ததில் பிரிவு, அதற்கடுத்ததில் தேர்ந்தெடுக்கப்பட்டவரின் பெயர். பொதுப் பிரிவுக்கு நேரே ஒரு பெயர் இருக்கும். அதன் கீழே பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்டோர் என்னும் வரிசைகளில், பெயர் வரவேண்டிய கட்டத்தில், பல வேளைகளில் மூன்று எழுத்துகள் மட்டும் நிற்கும்: என்.எஃப்.எஸ். விரித்தால் ‘நன் ஃபவுண்ட் சூட்டபிள்’. சில நிறுவனங்களில் ‘நாட் ஃபவுண்ட் சூட்டபிள்’. தமிழில் சொன்னால், தகுந்தவர் எவரும் காணப்படவில்லை.

அந்த வாக்கியத்தில் எழுவாய் இல்லை. காரணம் இல்லை. எந்த வேலைக்கு, எந்த அளவுகோலின்படி என்ற குறிப்பும் இல்லை. ஆனால் அதற்கு உரிய ஆட்கள் இருக்கிறார்கள். முனைவர் பட்டமோ தேசியத் தகுதித் தேர்வின் தேர்ச்சியோ பெற்று, விண்ணப்பித்து, மதிப்பெண் கணக்கிடப்பட்டு, சுருக்கப்பட்டியலில் இடம்பெற்று, நேர்காணலுக்கு அழைக்கப்பட்டு, இரவுப் பயணம் செய்து வந்து குழுவின் முன் அமர்ந்தவர்கள் அவர்கள். இவர்கள் அத்தனை பேரையும் ஒரே பெயரடை வெளியே அனுப்பிவிடுகிறது.

இதை அரசியலாகப் பேசுவோர் பலர், பேசவும் வேண்டும். ஆயினும் இந்த அநீதி மொழியின் வழியாக நடைபெறுகிறது. ஆகவே இதை இலக்கணமாகவும் படித்தாக வேண்டும். ‘சூட்டபிள்’ என்ற எளிய, நாள்தோறும் புழங்குகிற ஆங்கிலப் பெயரடைக்கு இத்தனை அதிகாரம் எங்கிருந்து வந்தது?

சொல்லின் குடும்பத்திலிருந்து தொடங்கலாம். ‘பின்தொடர்’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது ‘சூட்’. ஒரே துணியில் வெட்டித் தைத்த மேலங்கியும் கால்சட்டையும் சூட். நீதிமன்றத்தில் தொடுக்கும் உரிமையியல் வழக்கும் சூட். பெண் கேட்டு வருபவர் சூட்டர். சீட்டுக்கட்டில் ஒரே இனத்துச் சீட்டுகளும் சூட். முதலில் ஆடியவர் போட்ட இனத்தையே அடுத்தவரும் போடவேண்டும் என்பது ஆட்ட விதி. முன்னே இருப்பதோடு இணைந்துபோவது என்ற பொருள் இந்தக் குடும்பம் முழுவதிலும் ஓடுகிறது. சொற்பிறப்பை மட்டும் வைத்து இன்றைய பயன்பாட்டின் மீது குற்றம் சுமத்த முடியாது. ஆயினும் ஒரு துறையில் ஏற்கெனவே அமர்ந்திருப்பவர்களோடு பேச்சிலும் உடையிலும் ஆங்கில உச்சரிப்பிலும் இணைந்துபோகிறவரே தகுந்தவர் என்று ஒரு குழு எண்ணத் தொடங்கினால், அந்தப் பழைய பொருள் இன்னும் சாகவில்லை என்றுதான் கொள்ளவேண்டும்.

இந்தியாவில் இந்தப் பெயரடை மிகவும் பழகிய வீடு மணமக்கள் தேவை விளம்பரம். ‘சூட்டபிள் அலையன்ஸ்’ வேண்டும் என்று அச்சிடுபவர், எதற்குப் பொருத்தம் என்று விளக்குவதில்லை. படிப்பவருக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். சாதி, உட்சாதி, நிறம், சொத்து என்று எழுதாமல் விட்டவையெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் குடியிருக்கின்றன. 1993இல் விக்ரம் சேத் எழுதிய பெருநாவல் இந்தப் பெயரடையைத் தலைப்பிலேயே தாங்கியிருக்கிறது. அதில் தாய் ரூபா மெஹ்ரா தன் மகள் லதாவுக்குத் தகுந்த வரன் தேடுகிறார். லதா விரும்பும் கபீர் படித்தவன், கிரிக்கெட் வீரன், பண்புள்ளவன், ஆனால் இசுலாமியன். அவன் ஏன் தகுந்தவன் அல்லன் என்பதை வீட்டில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு குடும்பத்தின் வரவேற்பறையில் இந்தச் சொல் இப்படித்தான் வேலை செய்கிறது. அரசியலமைப்பின் கீழ் இயங்கும் ஒரு நிறுவனத்தின் தேர்வறையிலும் அது அதே விதத்தில் வேலை செய்யலாமா என்பதே கேள்வி.

இனி இலக்கணம். ‘சிவப்பான’, ‘வட்டமான’ போன்ற பெயரடைகள் தனித்து நிற்கக்கூடியவை. ‘தகுந்த’, ‘பொருத்தமான’ போன்றவை அப்படியல்ல. அவற்றுக்கு நான்காம் வேற்றுமையில் ஒரு துணை வேண்டும். எதற்குத் தகுந்த? யாருக்குப் பொருத்தமான? அந்தத் துணை இல்லாதபோது கேட்பவர் சூழலிலிருந்து அதை நிரப்பிக்கொள்கிறார். மழைக்காலத்தில் ‘பொருத்தமான செருப்பு’ என்றால் மழைக்கு என்று புரிந்துகொள்கிறோம். தேர்வு அறிவிப்பில் சூழல் எதையும் நிரப்பித் தருவதில்லை. முதலாண்டு மாணவர்க்குப் பாடம் நடத்தவா, ஆய்வை வழிநடத்தவா, துறையின் பழைய ஆசிரியர்களோடு ஒத்துப்போகவா? துணை விடுபட்ட பெயரடையை மறுத்து வாதிடவும் இயலாது, எதை மறுப்பது?

ஆங்கிலத்தில் ‘ஏபிள்’ என்று முடியும் பெயரடைகள் பலவும் செயப்பாட்டுப் பொருள் கொண்டவை. ‘ரீடபிள்’ என்றால் படிக்கப்படக்கூடியது. ‘வாஷபிள்’ என்றால் துவைக்கப்படக்கூடியது. ‘சூட்டபிள்’ அந்த வாய்பாட்டில் அடங்காது. அது ‘பொருத்தப்படக்கூடியது’ அன்று, ‘தானே பொருந்துவது’. பொருந்தவேண்டிய பொறுப்பு முழுவதும் வந்தவர் தலையில் விழுகிறது. பொருந்தாமை நேர்ந்தால், குறை நாற்காலியில் இருக்கக்கூடும் என்ற எண்ணத்துக்கே அந்தச் சொல் இடம் தருவதில்லை. தமிழின் ‘பொருத்தம்’ இந்த இடத்தில் சற்று நேர்மையானது: பொருத்தம் பார்க்க எப்போதும் இரண்டு தரப்பு வேண்டும்.

இதனோடு ‘எலிஜிபிள்’ என்ற பெயரடையை வைத்துப் பார்க்கவேண்டும். தேர்ந்தெடுத்தல் என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்த அந்தச் சொல்லின் நேர்ப்பொருள், தேர்ந்தெடுக்கப்படக்கூடியவர். அதற்கான வரையறை வெளிப்படையானது: இன்ன பட்டம், இன்ன விழுக்காடு, இன்ன தேர்வில் தேர்ச்சி. யாரும் சரிபார்க்கலாம். யாரும் வழக்காடலாம். ஒருவரைத் தேர்ந்தெடுக்கப்படக்கூடியவர் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு அழைத்த நிறுவனமே, இருபது நிமிட உரையாடலுக்குப் பின், எழுத்தில் எந்த வரையறையும் இல்லாத இன்னொரு பெயரடையால் அவரைத் திருப்பி அனுப்புகிறது. முதல் சொல் சட்டத்தின் சொல். இரண்டாவது குழுவின் சொல். இரண்டும் மோதும்போது குழுவின் சொல்லே வெல்கிறது.

‘ஃபவுண்ட்’ என்ற வினையெச்சம் போன்ற அந்த நடுச்சொல்லும் பார்வைக்குத் தோன்றுவது போல் எளியதன்று. ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு பொருள். ஒன்று, தேடிக் கண்டடைதல். மற்றொன்று, நீதிமன்றம் ஒருவரைக் குற்றவாளி எனக் காண்பது போன்ற தீர்ப்பு. என்.எஃப்.எஸ். செய்வது இரண்டாவது வேலை. பூண்டிருப்பது முதலாவதன் வேடம். எங்கெங்கோ தேடினோம், ஆள் கிடைக்கவில்லை என்ற வருத்தத் தொனியில் அது பேசுகிறது. உண்மையில் யாரும் தேடிப் போகவில்லை. ஆட்கள் கதவுக்கு வெளியே நாற்காலியில் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். தீர்ப்பு என்றால் தீர்ப்பளித்தவர் பெயர் வேண்டும், காரணம் வேண்டும், மேல்முறையீடு வேண்டும். கிடைக்கவில்லை என்றால் எதுவும் வேண்டாம். செயப்பாட்டுவினை செய்தவரை மறைக்கிறது. ‘நன்’ என்ற ஒட்டுமொத்த எதிர்மறை செய்யப்பட்டவர்களை மறைக்கிறது. பத்துப் பேரைப் பத்து முறை மறுக்கப் பத்துக் காரணம் தேவை. ‘எவருமில்லை’ என்பதற்கு ஒன்றுகூடத் தேவையில்லை.

இவற்றையெல்லாம் விடப் பெரிய நழுவல் ஒன்று உண்டு. ‘உயரமான’ என்ற பெயரடைக்கு நிலையான அளவு கிடையாது; கூடைப்பந்து அணியில் உயரம் வேறு, ஐந்தாம் வகுப்பில் உயரம் வேறு. இத்தகைய பெயரடைகள் படிநிலை உடையவை. அவற்றை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம்: இருப்பவர்களுள் மிகவும் உயரமானவர் என்று ஒப்பிட்டுச் சொல்லலாம், இன்ன அளவுக்குக் கீழ் இருப்பவர் உயரமானவர் அல்லர் என்று ஓர் எல்லை வகுத்தும் சொல்லலாம். ‘சூட்டபிள்’ இந்த வகையைச் சேர்ந்தது. பொதுப் பிரிவு இடத்தில் குழு பெரும்பாலும் முதல் பொருளையே எடுத்துக்கொள்கிறது: வந்தவர்களுள் மிகவும் தகுந்தவர் யார்? அந்தக் கேள்விக்கு எப்போதும் ஒரு விடை இருக்கும். இடஒதுக்கீட்டு இடத்துக்கு வரும்போது அதே சொல் இரண்டாம் பொருளுக்குத் தாவிவிடுகிறது: வந்தவர்களுள் எவரேனும் அந்த எல்லையைத் தொட்டாரா? எல்லை எங்கே இருக்கிறது என்பது முன்கூட்டி அறிவிக்கப்படுவதில்லை. அறிவிக்கப்படாத எல்லையை வேண்டிய உயரத்துக்கு நகர்த்தலாம். ஒரே தாளில், ஒரே நாளில், ஒரே கையொப்பங்களின் மேல், ஒரே பெயரடை இரண்டு அளவுகோல்களைத் தாங்கி நிற்கிறது. மாணவரொருவர் தம் ஆய்வேட்டில் ஒரு கலைச்சொல்லை இப்படி இரு பொருளில் கையாண்டால், இதே பேராசிரியர்கள் சிவப்பு மையால் வட்டமிடுவார்கள்.

இந்தப் பெயரடைக்கு இத்தனை இடம் கிடைத்ததற்கு விதிகளும் பொறுப்பு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, உதவிப் பேராசிரியர் பணிக்கு வெளியீடுகள், பட்டங்கள், கற்பித்தல் அனுபவம் ஆகியவற்றுக்கான மதிப்பெண்கள் சுருக்கப்பட்டியல் தயாரிக்க மட்டுமே பயன்படும். தேர்வு நேர்காணலின் அடிப்படையில் மட்டுமே அமையும். பத்தாண்டு உழைப்பு வாசல்வரை கொண்டுவந்து விடும். வாசலுக்கு அப்பால் அதற்கு மதிப்பில்லை. இதே ஒன்றிய அரசு, 2016 ஜனவரி முதல் நாளிலிருந்து தன் குரூப் சி பணிகளுக்கும் அரசிதழ்ப் பதிவு பெறாத குரூப் பி பணிகளுக்கும் நேர்காணலையே நீக்கியது. நேர்காணல் முறைகேட்டுக்கு இடம் தரும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. எழுத்தர் பணிக்கு நம்பத்தகாத ஒரு முறை, பேராசிரியர் பணிக்கு ஒரே அளவுகோலாக இருக்கிறது. இந்த முரணைப் பேராசிரியர்கள் யாரும் தங்களுக்கு நேர்ந்த அவமதிப்பாகக் கருதவில்லை.

உச்ச நீதிமன்றம் 1980இலேயே அஜய் ஹாசியா வழக்கில், ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கை நேர்காணலுக்கு ஒதுக்கியது தன்னிச்சையானது என்றது. 15 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்றது. நேர்காணலை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னது. அது மாணவர் சேர்க்கை. பணித் தேர்வு வேறு என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். 1981இல் லீலா தர் வழக்கில் அதே நீதிமன்றம், முதிர்ந்தவர்களைப் பணிக்குத் தேர்ந்தெடுக்கும்போது நேர்காணலுக்கு அதிக இடம் தரலாம் என்று வேறுபடுத்திக் காட்டியது. அதிக இடம் தருவது வேறு, முழு இடத்தையும் தருவது வேறு. அதையும் காரணம் எழுதாமல் தருவது முற்றிலும் வேறு.

ஒரு பெயரடை அரசியலமைப்பில் இடம்பெறுமுன் எவ்வளவு விசாரிக்கப்பட்டது என்பதற்கும் சான்று உண்டு. 1948 நவம்பர் 30 அன்று அரசியலமைப்பு அவையில், இன்றைய 16ஆம் உறுப்பின் வரைவு விவாதத்துக்கு வந்தபோது, ‘பேக்வர்ட்’ என்ற பெயரடையின் மீது உறுப்பினர்கள் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். அது தெளிவற்றது, வழக்கறிஞர்களுக்கே கொண்டாட்டம் என்ற விமரிசனமும் எழுந்தது. அம்பேத்கர் எழுந்து, அந்த அடைமொழி இல்லாவிட்டால் விதிவிலக்கே விதியை விழுங்கிவிடும் என்று விளக்கினார்; யாரைப் பிற்பட்டவர் என்று கருதுவது என்பதை யார் முடிவு செய்வார் என்பதற்கும் விடை சொன்னார். அதன் பின்னரும் எத்தனை ஆணையங்கள், எத்தனை தீர்ப்புகள். 1992இல் இந்திரா சாஹ்னி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து அந்தச் சொல்லைத் துருவினார்கள். உள்ளே வர உதவும் பெயரடைக்கு இவ்வளவு சோதனை. வெளியே அனுப்பும் பெயரடைக்கு ஒரு வரி விளக்கமும் கிடையாது.

எதிர்வாதங்களைத் தவிர்க்க வேண்டியதில்லை. தரம் குறைந்தவரை நியமித்தால் மாணவர்கள் அல்லவா துன்புறுவார்கள் என்பது முதலாவது. துன்புறுவார்கள். எனவே தரம் என்ன என்று எழுதிவையுங்கள் என்றுதான் கேட்கப்படுகிறது. நிரப்பப்படாத இடம் மாணவர்க்கு எந்தத் தரத்தையும் தருவதில்லை. அந்த வகுப்புகளை ஒப்பந்த ஆசிரியரோ விருந்தினர் ஆசிரியரோ எடுப்பார். தகுந்தவராகக் காணப்படாதவரே பிறகு வகுப்புக்கு இவ்வளவு என்ற ஊதியத்தில் வேறொரு வளாகத்தில் அதே பாடத்தை நடத்துவதும் உண்டு. நிரந்தரப் பணிக்குத் தகாதவர் குறைந்த கூலிக்கு மட்டும் தகுந்தவராவது எவ்விதம்?

குழுவில் ஒடுக்கப்பட்ட பிரிவைச் சார்ந்த கல்வியாளர் ஒருவர் இருக்கவேண்டும் என்று விதி இருக்கிறதே என்பது இரண்டாவது. இருக்கிறது. துணைவேந்தர் தலைமையில் பாட வல்லுநர்கள், துறைத் தலைவர், புல முதன்மையர் ஆகியோர் நடுவில் ஒருவர். அவர் மறுத்துப் பேசினாலும், என்ன அளவுகோல் என்று வரையறுக்காத இடத்தில் அவர் எதைக் காட்டி மறுப்பார்?

335ஆம் உறுப்பு நிர்வாகத் திறனைப் பேணச் சொல்கிறதே என்பது மூன்றாவது. அதே உறுப்பில் 2000ஆம் ஆண்டு 82ஆவது திருத்தம், பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் மதிப்பெண் தளர்த்தலாம் என்ற விதிவிலக்கைச் சேர்த்தது. 2019இல் பி.கே. பவித்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், சமூகத்தின் எல்லாப் பிரிவினரையும் உள்ளடக்கிய நிர்வாகமே திறனுள்ள நிர்வாகம் என்ற திசையில் விளக்கியது. திறன் என்ற சொல்லை அரசியலமைப்பு பூட்டிவைக்கவில்லை, குழுக்கள்தாம் பூட்டியிருக்கின்றன.

சட்டத்திலேயே இந்தப் பெயரடை இருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அதன் 34ஆம் பிரிவில், தகுந்தவர் கிடைக்காத இடத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச்செல்லவேண்டும் என்கிறது. அடுத்த ஆண்டும் கிடைக்காவிட்டால் மாற்றுத்திறன் வகைகளுக்குள் மாற்றிக்கொள்ளலாம்; அதன்பின்னும் மாற்றுத்திறனாளி எவரும் கிடைக்காதபோதுதான் பிறருக்குத் தரலாம். அச்சட்டம் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியபோது, அதன் விளைவுகளுக்குப் படிப்படியாக வேலி போட்டது. தேர்வுக் குழுக்கள் சொல்லை எடுத்துக்கொண்டு வேலியை விட்டுவிட்டன.

இடஒதுக்கீட்டை வெளிப்படையாகத் தொட்டால் நாடு எழுந்துவிடும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. துறையை அலகாகக் கொள்ளவேண்டும் என்ற 2018ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒதுக்கீட்டு இடங்களைச் சுருக்கியபோது தெருவில் இறங்கிப் போராடினார்கள். 2019இல் மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணி இடஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. முழு நிறுவனமும் மீண்டும் ஓர் அலகாயிற்று. 2023 டிசம்பரில் மானியக் குழு வெளியிட்ட வரைவில், ஒதுக்கீட்டு இடங்களை ஒதுக்கீட்டிலிருந்து விடுவிப்பது பற்றிய பகுதி இருந்தபோது எதிர்ப்பு எழுந்தது. அடுத்த மாதமே கல்வி அமைச்சகம், எந்த இடமும் அவ்வாறு விடுவிக்கப்படாது என்று விளக்கம் தந்தது. சுற்றறிக்கையை எதிர்க்கலாம், வரைவை எதிர்க்கலாம். பெயரடையை எதிர்த்து எங்கே ஊர்வலம் போவது? இடம் ஒதுக்கீட்டிலேயே இருக்கும்; விளம்பரம் மீண்டும் வரும்; குழு மீண்டும் கூடும்; நாற்காலி மட்டும் காலியாகவே இருக்கும்.

ஆகவே கோரிக்கை இலக்கணத்திலிருந்தே எழவேண்டும். பெயரடைக்கு அதன் துணையைத் திருப்பிக் கொடுங்கள்: எதற்குத் தகுந்தவர் என்பது விளம்பரத்திலேயே எழுதப்படட்டும். படிநிலைப் பெயரடைக்கு அதன் அளவைக் கொடுங்கள்: குறைந்தபட்ச மதிப்பெண் நேர்காணலுக்கு முன்பே அறிவிக்கப்படட்டும், எல்லாப் பிரிவுக்கும் ஒரே பொருளில் அந்தச் சொல் ஆளப்படட்டும். செயப்பாட்டுவினைக்கு அதன் எழுவாயைக் கொடுங்கள்: காணாதவர்கள் யார் என்று பெயர் இருக்கட்டும். ‘எவருமில்லை’ என்பதைப் பிரித்து எழுதுங்கள்: ஒவ்வொருவருக்கும் மதிப்பெண்ணும் காரணமும் தனித்தனியே தரப்படட்டும். நேர்காணல் பதிவு செய்யப்படட்டும். இவற்றுள் எதுவும் புரட்சியில்லை; ஒரு வாக்கியத்தை முழுமையாக எழுதுவதற்குத் தேவையானவை மட்டுமே.

தமிழில் ‘எலிஜிபிள்’, ‘சூட்டபிள்’ என்ற இரண்டையும் மொழிபெயர்க்கப் புகுந்தால் இரண்டும் ‘தகு’ என்னும் ஒரே வேரில் வந்து சேர்கின்றன: தகுதியுடையவர், தகுந்தவர். தகுதியுடையவர் தகுந்தவர் அல்லர் என்று தமிழில் சொல்லிப் பார்த்தால் வாக்கியம் தானே தடுமாறும். அந்த வேரின் பழைய வாழ்வு இன்னும் கூர்மையானது. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம் ‘தகுதி’ என்ற சொல்லை முதற்சொல்லாகக் கொண்டு தொடங்குகிறது. பரிமேலழகர் அங்கே அதற்கு நடுவுநிலைமை என்றே பொருள் உரைக்கிறார். அதாவது தகுதி, எடைபோடப்படுகிறவரிடம் தேடவேண்டிய பண்பாக மட்டும் இருக்கவில்லை. துலாக்கோலைக் கையில் பிடித்திருப்பவரிடம் முதலில் இருக்கவேண்டிய பண்பாக இருந்தது.

அந்தப் பொருளில் பார்த்தால், மேசைக்கு எந்தப் பக்கம் தகுந்தவர் காணப்படவில்லை என்பதை அந்த மூன்று எழுத்துகள் சொல்லாமல் விடுகின்றன. அடுத்த அறிவிப்பில் கையொப்பமிடுமுன், பேனாவை எடுக்கும் பேராசிரியர்கள் அதைச் சொல்லிவிட்டுக் கையொப்பமிடட்டும்.